ஐம்பத்தோராவது வளைவு

சேந்தமங்கலத்தில் பத்து மணி பஸ் கிளம்பியதுமே அந்தக் கண்டக்டருடைய வலது கைக் கட்டைவிரல் வேலையை ஆரம்பித்துவிடும். மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். உதடு அசையும், சத்தம் வராது. முதலில் பார்த்தபோது நான் அவர் எங்களவர்கள் மாதிரி விரலில் எண்ணி தஸ்பீஹ் ஓதுகிறார் என்றே நினைத்தேன். நெற்றியில் திருநீறு இருந்ததால் குழம்பிப் போனேன். பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுத்தால் அவர் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "ஏழு, பூச்சிமருந்து. எட்டு, டார்ச் பாட்டரி. ஒம்பது, மருமவ வெள்ளிக்கெழமை வாராளாம்."

கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பலகை நிற்கும். கீழே ஜனங்கள் அவரிடம் கொடுக்கும் சாமான், சொல்லி அனுப்பும் சேதி எல்லாவற்றையும் அவர் ஒரு வளைவுக்கு ஒன்றாக மாட்டி வைத்துக்கொள்வார். பஸ் அந்த வளைவைத் திரும்பும்போது பலகையைப் பார்ப்பார், அதில் மாட்டியது நினைவுக்கு வரும். மறுபடி ஒரு முறை முணுமுணுத்துக்கொள்வார். மேலே போய் அவரவர் ஊரில் அவரவர் சமாச்சாரத்தை ஒப்படைப்பார். ஒப்படைத்ததும் வலது கையை இரண்டு முறை உதறுவார். கை கழுவிவிட்டுத் துண்டு கிடைக்காதவர் உதறுவதைப் போலத்தான் இருக்கும். உதறினால் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாமானைப் பற்றி அவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

ஆளுக்கொரு போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். மலையில் மழை வந்தால் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர். போனில் சேதி போகலாம், மாத்திரை போகாது. அதைவிட, மலைமேல் எடப்புளி நாட்டுப் பக்கத்துக் காடுகளில் தள்ளித் தள்ளி இருக்கும் வீட்டுக்காரர்களுக்குப் போனைவிட அவர்மேல்தான் நம்பிக்கை அதிகம். நாற்பது சாமான் ஏறும், நாற்பதும் சரியாக இறங்கும். சட்டைப் பையில் பேனா இருக்கும், ஒன்றையும் எழுத மாட்டார்.

நான் சேந்தமங்கலத்துக்காரன். சோளக்காட்டில் ரோட்டோரம் ஸ்வெட்டர், கம்பளி, குல்லாய் விற்கும் கடை எனக்கு. காலையில் முதல் பஸ்ஸில் மேலே போவேன். அம்மா சமைத்த மதியச் சாப்பாடு பத்து மணி பஸ்ஸில் அந்தக் கண்டக்டர் கையில் வரும். தூக்குப்போசியை என் தம்பி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பான். சோளக்காட்டுச் சாமான்களுக்கு அவர் ஐம்பதாவது வளைவிலிருந்து இடம் ஒதுக்கியிருந்தார். என் சாப்பாடு எப்போதும் ஐம்பது.

"பாய், அம்பது" என்று சொல்லித்தான் போசியை நீட்டுவார். பதினோரு வருஷத்தில் என் பெயரை அவர் கேட்டதில்லை. நானும் அவர் பெயரைக் கேட்டதில்லை. அவர் எனக்குக் கண்டக்டரண்ணா, நான் அவருக்கு பாய்.

ஒருமுறை முதல் பஸ்ஸைத் தவறவிட்டு அவருடைய பஸ்ஸில் ஏறினேன். முப்பத்தி நாலாவது வளைவில் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு டிரைவர் பஸ்ஸை மெல்லத் திருப்பி அடிவாரத்துக்கே இறக்கிவிட்டார். கீழே வந்து நின்றதும் கண்டக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. காலடியில் ஏழெட்டுப் பைகள், மூன்று டப்பா, ஒரு கட்டு மருந்து. எது யாருடையது என்று ஒன்றும் தெரியவில்லை.

"ஏறி முடிக்காம எறங்குனா கொக்கி பூரா கழண்டுருதுங்க" என்றார். பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

இன்னொரு நாள் எடப்புளி நாட்டிலிருந்து ஒரு பெண் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு சோளக்காட்டுக்கு வந்தாள். அவருக்காக டீக்கடையில் காத்திருந்தாள். போன மாதம் அவளுடைய குழந்தைக்கு ஜன்னி வந்தபோது, வழியில் எங்கேயும் நிறுத்தாமல் பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு விடச் செய்து, குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பஸ் வந்ததும் இதை அவரிடம் அழுதுகொண்டே சொன்னாள். இவர் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

"நல்ல காரியமுங்க அம்மிணி. யாருங்க பண்ணுனது?"

"நீங்கதானுங்க சாமி!"

"நானுங்களா?" என்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டு காலில் விழப் போனாள். நானும் அப்போது பணிவு என்றுதான் நினைத்தேன். மறு வாரம் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது எதிரே வந்தார். சிரித்தேன். யாரோ சிரிக்கிறார் என்று அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடையும் ஸ்வெட்டரும் பின்னால் தொங்கினால்தான் நான் அவருக்கு பாய். அதை எடுத்துவிட்டால் நான் யாரோ.

இதைப் பற்றி அவரிடமே கேட்டபோது அவர் சங்கடப்படவில்லை. "எனக்கு நேத்துங்கறதே இல்லீங்க பாய். இன்னைக்கு, அதுலயும் இந்த ட்ரிப்பு. அவ்வளவுதான். என்ற கல்யாணத்துல என்ன நடந்துச்சுன்னு ஊட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்" என்று சிரித்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இன்னும் பல்லைக் கடிக்கிறவன் நான். எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிற மனுஷன் கொடுத்துவைத்தவன் என்று நினைத்தேன்.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவன். மறதிக்காரன். கண்டக்டர் மாதிரி இல்லை, இவனுக்குக் கையில் கொடுத்ததே நிற்காது. உப்பு வாங்கப் போனால் வெல்லத்தோடு வருவான். எனக்கு அவன்மேல் பிரியம் உண்டு. அதைக் கோபமாக மட்டும்தான் காட்டத் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் சந்தைக்குப் போக வேண்டிய சரக்கு மூட்டையை முதல் நாளே பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லியிருந்தேன். காலையில் பார்த்தால் மூட்டை வீட்டிலேயே கிடக்கிறது. அவன் தலையைச் சொறிந்தான்.

"ஒரு மூட்டை. ஒரே ஒரு மூட்டை. அதை நெனப்புல வெச்சுக்க முடியலையா உனக்கு?"

"மறந்துட்டண்ணா."

"நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் மூட்டையை நானே தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து மணி பஸ் சோளக்காட்டுக்கு வந்தபோது கடையில் ஒரு ஆள் பேரம் பேசிக்கொண்டிருந்தான். குழந்தைக்குக் குரங்குக் குல்லாய் வேண்டும், பச்சையில் வேண்டும், காது மூடுகிற மாதிரி வேண்டும். என்னிடம் நீலம்தான் இருந்தது. அந்த ஆளுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு பரு இருந்தது. சட்டையில் மேல் பட்டன் இல்லை. அவனை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது, அன்று காலை என் தம்பி என்ன சட்டை போட்டிருந்தான் என்பது நினைவில்லை.

கண்டக்டர் வந்து நின்றார்.

"பாய், அம்பது. இந்தாங்க போசி. அம்பத்தொண்ணு..."

"அப்பறம் சொல்லுங்கண்ணா. யாவாரம் நடக்குது."

"சேதிங்க பாய். ஒரு நிமிசம்..."

"அப்பறம்னு சொன்னேனில்ல!"

அவர் கொஞ்ச நேரம் நின்றார். கட்டைவிரல் ஒரு கணுவின்மேல் அழுத்தியபடியே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை இரண்டு முறை உதறிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினார். நான் அதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். குல்லாய் வியாபாரமும் நடக்கவில்லை. போசியைத் திறந்து தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டேன், மிச்சம் வைக்காமல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தம்பி இல்லை. அவன் போன் சார்ஜில் கிடந்தது. ஒரு முறை இப்படித்தான் கோபித்துக்கொண்டு நாமக்கல்லில் ஒரு சிநேகிதன் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தான். அங்கேதான் போயிருப்பான், வரட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து அந்தச் சிநேகிதனே வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டபோதுதான் அவன் அங்கே போகவில்லை என்று தெரிந்தது. நாலாவது நாள் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் சொன்னார்: "அன்னைக்குப் போசி குடுக்க வந்தாப்லைங்க. கண்டக்டர்கிட்ட வெகு நேரம் பேசிட்டு நின்னாப்ல. அப்பறம் எங்க போனாப்லைன்னு பாக்கல."

அப்போதுதான் எனக்கு அந்த ஐம்பத்தொன்று ஞாபகம் வந்தது.

அன்று பஸ் சோளக்காட்டில் நிற்பதற்கு முன்பே நான் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தம்பி என்ன சொன்னான், எங்கே போவதாகச் சொன்னான் என்று கேட்டேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைக் கணுக் கணுவாக நகர்த்தினார்.

"அம்பது, போசி. அம்பத்தொண்ணு..." கண்ணைத் திறந்தார். "காலியா இருக்குதுங்க பாய்."

"நல்லா யோசிங்கண்ணா."

"காலியா இருக்குதுங்க. ஐயோ, என்னத்தைங்க நான் பண்ணுவேன்? எத்தனையோ பேரு பேசறாங்க. ஒரு மொகமும் நிக்க மாட்டேங்குதே." அவர் தன் கையையே திட்டினார். "தெனமும் கேளுங்க பாய். எனக்கு நெனப்பு இல்லைன்னு உட்டுராதீங்க. கேட்டுட்டே இருங்க, என்னிக்காச்சும் வரும்" என்றார்.

நான் தினமும் கேட்டேன்.

போலீஸில் எழுதிக் கொடுத்தேன். தம்பி எப்போதும் போட்டுக்கொண்டு திரியும் ஸ்வெட்டர் ஒன்று உண்டு. செங்கல் நிறம், ஜிப் பாதியில் மாட்டிக்கொள்ளும், அதனால் விற்க முடியாமல் அவனே எடுத்துக்கொண்டது. ஆணியில் அதைக் காணவில்லை. அதனால் அதைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்று போலீஸில் சொன்னேன், ஊரில் சொன்னேன், கண்டக்டரிடமும் சொன்னேன். போனில் இருந்த அவன் போட்டோவைத் தினமும் அவருக்குக் காட்டினேன்.

ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். அது அவருடைய யோசனை. அம்மாவிடம் அதே போசியில் அதே தக்காளிச் சோற்றைக் கட்டித் தரச் சொன்னார். நான் தம்பி நின்ற இடத்தில் நின்று அதை அவர் கையில் கொடுத்தேன். மற்றவர்கள் கொடுத்த சாமானையும் வாங்கி வழக்கம்போல மாட்டிக்கொண்டார். வளைவு வளைவாகப் போனோம். ஐம்பதாவது பலகை வந்தது. "போசி" என்றார். பஸ் அடுத்த வளைவுக்குத் திணறி ஏறியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகையையே பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்தேன். வளைவின் தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து மக்காச்சோளம் கடித்துக்கொண்டிருந்தது. பஸ் திரும்பியது. ஐம்பத்திரண்டு வந்துவிட்டது.

"கொரங்குதானுங்க தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

சித்திரையில் மலை பார்க்க வந்த ஒரு டாக்டரம்மா என் கடையில் சால்வை வாங்கினார். மூளை சம்பந்தமாகப் படித்தவர் என்று அவருடைய கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் விடவில்லை. ஸ்டூல் போட்டு உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கையில பிடிச்சிருக்கறது வேற, பெட்டியில போட்டு வெக்கறது வேற" என்றார். "ஒரு போன் நம்பரைக் கேட்டு, டயல் பண்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கறோம் பாருங்க, அது கையில இருக்கறது. விட்டா போச்சு. மனசைத் தொட்டதோ, திரும்பத் திரும்பச் சொன்னதோதான் பெட்டிக்குள்ள போகும். உங்க கண்டக்டருக்குக் கை ரொம்பப் பெரிசு, பெட்டிதான் இல்ல."

"பெட்டியில எங்கியாச்சும் அடியில கெடக்காதுங்களா?"

"உள்ளேயே போகாத சாமான் எப்படிங்க கிடைக்கும்?" சால்வையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவரைத் தினமும் கேக்காதீங்க. கேட்டுக் கேட்டு, நீங்களே ஒண்ணை உள்ள போட்டுருவீங்க. அப்புறம் எது அவரோடது, எது உங்களோடதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது."

படித்தவர்கள் எதையும் முடியாது என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் கேட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தது. வைகாசியில் ஒரு நாள், "ஒரு மொகம் தெரியற மாதிரி இருக்குதுங்க" என்றார். "மூக்கு ஓரம் மச்சம்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போட்டோவில் அந்த மச்சம் தெளிவாகத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

"செங்கல் கலர் ஸ்வெட்டர் போட்டிருந்தானா?"

"இருங்க பாய்... ஆமாங்க. போட்டிருந்த மாதிரிதான் இருக்குது."

பத்து நாள் கழித்து அவரே சொன்னார்: "ஜிப்பு பாதியில நின்னுட்டிருந்துச்சுங்க."

"கோவமா இருந்தானா? எம்மேல கோவம்னு ஏதாச்சும் சொன்னானா?" இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கேட்கும்போது என் முகம் எப்படி இருந்ததோ, அதுவும் தெரியாது. அவர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசிப்பார்.

"கோவம் மாதிரி தெரியலீங்க."

ஆடி மாதம், காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்த ஒரு நாள், பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தார். "பாய்! வந்துருச்சுங்க! அம்பத்தொண்ணு வந்துருச்சுங்க!"

நான் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சில் சொன்னார்.

"'அண்ணன் மேல எனக்குக் கோவமில்லைன்னு சொல்லிருங்க. தூரமாப் போயி ஒரு வேலையில நின்னுட்டுக் கூப்புடறேன். அம்மாவைப் பாத்துக்கச் சொல்லுங்க.' இதாங்க சொன்னாரு. செங்கல் கலர் ஸ்வெட்டரு. பஸ்ஸு கெளம்பறப்ப கை காமிச்சாருங்க. கண்ணுக்குள்ளயே நிக்குது."

ரோட்டில் வைத்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். டீக்கடைக்காரர் காசு வாங்காமல் இரண்டு டீ கொடுத்தார். அன்று அவர் கையை உதறவில்லை என்பதைக் கவனித்தேன். சந்தோஷத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார். "பெரியவனே, அம்மாவைப் பாத்துக்கன்னா சொன்னான்?" என்று மறுபடி கேட்டார். ஐந்து மாதத்தில் முதல் முறையாகத் தட்டில் சோற்றைப் போட்டு முழுதாகச் சாப்பிட்டார். அன்றைக்கு நாலு வீட்டுக்குப் போய் அவரே சொல்லிவிட்டு வந்தார். நானும் சாப்பிட்டேன். தூங்கினேன். மன்னிக்கப்பட்டவனின் தூக்கம் என்று ஒன்று உண்டு. எனக்கு அது நான்கு மாதம் கிடைத்தது.

கார்த்திகையில் குளிர் வியாபாரம் தொடங்கும். வீட்டு மூலையில் கிடந்த பழைய இருப்பு மூட்டையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரித்தேன். வருஷத்துக்கு ஒரு முறைதான் அதைப் பிரிப்போம். மேலே கிடந்த இரண்டு கம்பளியை எடுத்ததும் செங்கல் நிறம் தெரிந்தது. இழுத்தேன். ஜிப் பாதியில் மாட்டியிருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்தக் காலை எனக்குத் திரும்ப வந்தது. "இருந்தாலும் ஒண்ணுதான்" என்று சொன்னதோடு நான் நிறுத்தவில்லை. "கடைச் சரக்கு எதுக்குடா உனக்கு?" என்று ஆணியிலிருந்து இதைப் பிடுங்கி, இந்த மூட்டைக்குள் நானே திணித்து, வாயைக் கட்டினேன். அவன் சட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது மாதம் இதை நான் அடியோடு மறந்திருந்தேன். இல்லை, இப்போது இப்படி எழுதும்போது, ஸ்வெட்டரைப் பார்த்த பிறகு என் மனமே கட்டிக்கொண்ட காட்சியோ என்றும் தோன்றுகிறது. இனிமேல் அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்வெட்டர் மூட்டையில் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அப்படியானால் கண்டக்டர் கண்ணுக்குள் நிற்கும் அந்தச் செங்கல் நிற ஸ்வெட்டர் யாருடையது? நான் கொடுத்தது. மச்சம், நான் காட்டியது. பாதியில் நின்ற ஜிப், நான் சொன்னது. அப்புறம் "கோவமில்லை" மட்டும் யாருடையதாக இருக்க முடியும்? அதையும் தினமும் நானே அவர் கையில் கொடுத்திருக்கிறேன், பத்து மணி போசியைப் போல. அவர் அதைக் கெட்டுப்போகாமல் பத்திரமாகக் கொண்டுவந்து என்னிடமே ஒப்படைத்திருக்கிறார். என் தம்பி அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னான் என்பது எங்கும் இல்லை. ஒரு குல்லாய்க்காக அதை நான் தொலைத்தேன். அதன் இடம் காலியாகவாவது இருந்தது. அந்தக் காலி இடத்தையும் என் வாயாலேயே நிரப்பிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஸ்வெட்டரை மூட்டைக்குள் அடியில் வைத்து மறுபடி கட்டினேன். பொய்ச் சேதியை வைத்துக்கொண்டு ஒரு தாய் சாப்பிடுகிறாள், அதை எப்படிப் பிடுங்குவது? கண்டக்டரிடமும் சொல்லவில்லை. கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். அவராகவே சில நாள், "ஏனுங் பாய், தம்பி கூப்புட்டாருங்களா?" என்று கேட்பார். மற்றதெல்லாம் மறக்கும் மனிதருக்கு இது மட்டும் மறக்கவில்லை. நான் இல்லையென்று தலையாட்டுவேன். "கூப்புடுவாருங்க. கோவமில்லைன்னு சொல்லித்தானுங்க போனாரு" என்பார். அவர் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். சாப்பாட்டைக் காலையிலேயே நானே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். பிறகு அவர் வேறு ரூட்டுக்கு மாறிப் போனார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். காக்கி இல்லை. வெள்ளைச் சட்டை, வேட்டி, தலையில் மப்ளர். ரிட்டயர் ஆகியிருக்க வேண்டும். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "ஏனுங் பாய், இந்த ஊருங்களா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க மலை பஸ்ஸுல கண்டக்டரா இருந்தீங்கல்ல?"

"இருந்தேனுங்க. முப்பது வருசம்னு ஊட்டுல சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லீங்க." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் நிக்குதுங்க பாய்."

நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"ஒரு பையன். மூக்கு ஓரம் மச்சம். செங்கல் கலர் ஸ்வெட்டரு, ஜிப்பு பாதியில நிக்கும். இந்தா, அந்தக் கம்பத்துக்கிட்டதான் நின்னான். அவங்க அண்ணன் மலைமேல சோளக்காட்டுல கடை வெச்சிருந்தாரு, உங்களவங்கதான். அவருக்கு ஒரு சேதி குடுத்தான். 'அண்ணன் மேல எனக்குக் கோவமில்லைன்னு சொல்லிருங்க' அப்படின்னான். கை காமிச்சான். இன்னிக்கு நடந்தாப்ல இருக்குதுங்க." அவர் வலது கையைத் தூக்கினார். கட்டைவிரல் ஒரு கணுவின்மேல் அழுத்தியபடி இருந்தது. "அந்த அண்ணங்கிட்ட நான் அதைச் சொன்னேனா இல்லியான்னுதான் தெரியல. அவரு மொகம் நெனப்புக்கு வர மாட்டேங்குது. உங்களுக்கு அவரைத் தெரியுமுங்களா பாய்?"

"தெரியுமுங்க."

"பாத்தா சொல்லிருங்க. பாவம், அவரு காத்துட்டு இருப்பாரு."

"சொல்லிடறேங்க."

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேதியை ஒப்படைத்தாயிற்று, உதறுவார் என்று காத்திருந்தேன். என் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் ஏறி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோதும் அவர் உதறவில்லை.